சென்னையில் நடுவயதினரின் உடல் எடையும் நலவாழ்வும்: ஒரு வரலாறு

நடுவயதில் கூடும் உடல் எடைக்கும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு இந்தியாவில் மிக நீண்ட காலமாக ஆராயப்பட்டுவரும் நகரங்களுள் ஒன்று சென்னை. ராயபுரத்தில் தொடங்கிய இவ்வாய்வு கோபாலபுரம், தியாகராய நகர், திருமங்கலம் எனப் பரவி, உலக மருத்துவ இதழ்களில் மேற்கோள் காட்டப்படும் அளவுக்கு வளர்ந்தது. தியாகராய நகரில் பத்தாண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு கணக்குகள் இதில் மிக முக்கியமானவை. "பணக்கார நோய்" என்று நாம் பழக்கமாகச் சொல்லிவந்த ஒன்றை அக்கணக்குகள் பொய்யாக்கின. அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

எடைக் குறைவே கவலையாக இருந்த காலம்

நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தில் உணவைப் பற்றி ஆராய்ந்தவர்களுக்குக் கொழுத்த உடல் ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஓர் அறையில் "பெரிபெரி" நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

பெரிபெரி அரிசியோடு தொடர்புடைய நோய். இயந்திர ஆலைகள் வந்தபின் தவிட்டை முழுதும் நீக்கித் தீட்டிய பச்சரிசி மலிவாகக் கிடைத்தது. தவிட்டோடு தயமின் என்ற உயிர்ச்சத்தும் போனது. மாகாணத்தின் வடபகுதியான தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் அந்நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். நம் பாட்டிமார் அறிவியல் தெரிந்து நெல் அவித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வழக்கம் அவர்களைக் காத்தது, அவ்வளவே.

மெக்காரிசன் செய்த இன்னொரு சோதனை நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. பட்டியலின் கடைசியில் நின்றது "மதராசி" உணவு. தீட்டிய அரிசி மிகுதி, பால், பருப்பு, காய்கறி குறைவு. அன்று அதன் விளைவு மெலிந்த உடல். அதே தட்டு, உழைப்புக் குறைந்து அளவு கூடியபோது வேறு விளைவைத் தந்தது என்பதுதான் பின்னால் வரும் கதை.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டையும் கோதுமைக்குப் பழக நேர்ந்ததையும் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் மயிலாப்பூரில் உண்டு. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற முழக்கம் ஓர் ஆட்சி மாற்றத்துக்கே துணைநின்றது. அரிசிக்காக வரிசையில் நின்ற ஊரில் பூசினாற்போன்ற உடம்பு நலத்தின் அடையாளமாகவும் வசதியின் அடையாளமாகவும் கருதப்பட்டதில் வியப்பில்லை. ஊரிலிருந்து வரும் உறவினர் "என்னம்மா இப்படி இளைச்சுப்போயிட்டே" என்று கேட்பது அன்பின் மொழி. "நல்லாச் சதை போட்டிருக்கே" என்பது பாராட்டு. இம்மொழி இன்னும் முழுதாக மாறவில்லை.

எடைக்கு ஓர் அளவுகோல்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி இரு நிலைகளையும் அறிந்திருக்கிறது. ஆனால் எங்கே இளைப்பு முடிந்து கொழுப்பு தொடங்குகிறது என்று அது சொல்லவில்லை. அந்தக் கோட்டை முதலில் வரைந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர், ஆயுள் காப்பீட்டுக்காரர்கள். அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் காப்பீட்டு நிறுவனம் 1940களிலும் பின்னர் 1959இலும் உயரத்துக்கேற்ற எடை அட்டவணைகளை வெளியிட்டது. எந்த எடையில் இருப்பவர் சீக்கிரம் இறக்கிறார், எவ்வளவு தொகை கொடுக்க வேண்டிவரும் என்பதே அவர்களுடைய கணக்கு.

நம் ஊரில் சாமானியர் எடை பார்த்த இடம் ரயில் நிலையம். காசு போட்டால் விளக்குகள் சுழன்று, எடை அச்சிட்ட சிறிய அட்டை விழும். மறுபக்கம் ஜோசியம் இருக்கும். பலர் எடையைப் பார்க்காமல் ஜோசியத்தைப் படித்துவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

இன்று எல்லோரும் பயன்படுத்தும் உடல் நிறைக் குறியீட்டெண் பெல்ஜியம் நாட்டு வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்டலே 1830களில் கண்ட விகிதம். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அவருக்கு உடல் பருமனில் அக்கறை இல்லை. "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்பதே அவர் தேடல். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டி, உடற்கொழுப்பை ஓரளவு சரியாகக் காட்டும் எளிய எண் இதுவே என்றார். அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய நாட்டு ஆண்களை வைத்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். இந்தியர் அதில் இல்லை, பெண்களும் இல்லை. இந்த இரண்டு விடுபடல்களும் பின்னால் நமக்குப் பெரிதாகத் தெரியவந்தன.

உலக நலவாழ்வு அமைப்பு 25க்கு மேல் மிகை எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்று வகுத்தது. 165 செ.மீ. உயரமும் 66 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1.65இன் வர்க்கம் 2.7225. வகுத்தால் 24.2 வரும். உலகக் கோட்டின்படி அவர் சரியான எடையில் இருக்கிறார். சென்னை மருத்துவர் அவ்வாறு சொல்ல மாட்டார். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ராயபுரத்திலிருந்து

1948இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. பின்னர் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். அன்று இதற்கு அவ்வளவு தேவை இருக்குமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஏனென்றால் 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல மையங்களில் எடுத்த கணக்கில்கூட, நகரங்களில் நீரிழிவு 2.1 விழுக்காடு, சிற்றூர்களில் 1.5 விழுக்காடுதான்.

1980களின் இறுதியில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் எடுத்த கணக்கில் 8.2 விழுக்காடு வந்தது. அருகிலிருந்த கிராமத்தில் 2.4தான். நகரத்தானுக்கும் கிராமத்தானுக்கும் உணவில் பெரிய வேறுபாடு இல்லாதபோதும் இடைவெளி மூன்று மடங்குக்கு மேல். மேலுடலில், குறிப்பாக வயிற்றில் சேரும் கொழுப்பு இதற்கு ஒரு காரணம் என்று அந்த ஆய்வே சுட்டிக்காட்டியது. தொடர்ந்து 1995இல் 11.6, 2000இல் 13.5, 2004இல் 14.3 விழுக்காடு எனச் சென்னையின் எண் ஏறியது. இவை ஒரே குழு ஒரே முறையில் எடுத்தவை அல்ல என்பதால் தசமப் புள்ளிகளை ஒப்பிட்டு வாதிடுவதில் பயனில்லை. ஆனால் போகும் திசை பற்றி ஐயம் இல்லை.

தியாகராய நகரும் திருமங்கலமும்

1996–97ஆம் ஆண்டுகளில் மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழு "சென்னை நகர மக்கள்தொகை ஆய்வு" என்ற பணியில் இறங்கியது. நகரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் இரண்டே குடியிருப்புகளைத் தேர்ந்தார்கள். ஒன்று திருமங்கலத்தில் உள்ள ஏஷியாட் காலனி. அங்கே நடுத்தர வருவாயினர் வாழ்ந்தனர். மற்றொன்று தியாகராய நகரில் உள்ள பாரதி நகர், குறைந்த வருவாயினர் வாழும் பகுதி.

வெளியூர் வாசகர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். தி. நகர் என்றால் பட்டுக்கடையும் நகைக்கடையும்தானே நினைவுக்கு வரும்! 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது பழைய நெடிய ஏரியின் படுகையைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் திட்டமிட்டு உருவாக்கிய நகர்ப்பகுதி அது. பங்களாக்களுக்குப் பின்னாலேயே அங்கு வேலை செய்தவர்களின் குடியிருப்புகளும் வளர்ந்தன. கடைவீதியின் ஒளிக்கு இரண்டு தெரு தள்ளி வேறொரு தி. நகர் எப்போதும் இருந்துவந்திருக்கிறது.

இருபது வயதுக்கு மேற்பட்ட 1,399 பேர் தகுதியானவர்களாக இருந்தனர். 1,262 பேர் பரிசோதனைக்கு ஒத்துழைத்தனர். பத்தில் ஒன்பது பேர் என்பது வீடுவீடாகப் போய் இரத்தம் எடுக்கும் ஆய்வில் சாதாரணமான செய்தி அன்று. முடிவு எல்லோரும் எதிர்பார்த்ததுதான். வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தபோது, நடுத்தர வருவாய்க் குடியிருப்பில் நீரிழிவு 12.4 விழுக்காடு, குறைந்த வருவாய்க் குடியிருப்பில் 6.5 விழுக்காடு. வயிற்றுப் பருமன், இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை ஒன்றாகக் கூடிவரும் நிலையிலும் இதே ஏற்றத்தாழ்வு காணப்பட்டது: 18.7க்கு 6.5. உழைப்பாளிக்கு வராது, உட்கார்ந்து தின்பவனுக்குத்தான் வரும் என்ற ஊர்ப்பேச்சுக்கு எண்களே சான்று சொன்னது போலிருந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் அதே இரண்டு இடங்களில் மீண்டும் கணக்கெடுத்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, நடுத்தர வருவாயினரிடையே நீரிழிவு 12.4இலிருந்து 15.4 விழுக்காடாக உயர்ந்திருந்தது. குறைந்த வருவாயினரிடையே 6.5இலிருந்து 15.3. முதல் குழுவில் ஏறத்தாழ கால் பங்கு உயர்வு, இரண்டாவதில் இரு மடங்குக்கும் மேல். இடையிலிருந்த வேலி பத்தே ஆண்டுகளில் மறைந்துபோனது.

இந்த இரண்டு எண்களின் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். 15.4க்கும் 15.3க்கும் நோயின் அளவில் வேறுபாடில்லை. ஆனால் நோயைச் சுமக்கும் வலிமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை, மாத்திரை, கண் பரிசோதனை, காலில் புண் வந்தால் வேலை இழப்பு ஆகிய அனைத்தும் ஒரு வீட்டில் செலவுக் கணக்கில் ஒரு வரி. இன்னொரு வீட்டில் அது மகளின் படிப்பு. நாற்பத்தைந்து வயதில் குடும்பத்தின் ஒரே வருவாய்க்காரருக்கு நீரிழிவு வருவதை எந்தச் சராசரியும் காட்டுவதில்லை.

அதே ஆண்டுகளில் திருமங்கலத்தில் வேறொன்று நடந்தது. ஆய்வாளர்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டங்களில் நடையின் பயனைக் கேட்டறிந்த ஏஷியாட் காலனிக்காரர்கள், நடக்க இடமில்லையே என்று பேசி, தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துவிட்டார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் தொடக்கத்தில் 14.2 விழுக்காடாக இருந்தனர், பின்னர் 58.7 விழுக்காடாயினர். மருந்து எழுதிக்கொடுக்காமல், யாரும் யாரையும் அதட்டாமல் கிடைத்த மாற்றம். இந்திய நலவாழ்வு வரலாற்றில் இதற்கு நிகரான குடியிருப்போர் முயற்சிகள் அதிகமில்லை. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. பணம் திரட்டவும், இடம் கேட்டு அலுவலகம் ஏறி இறங்கவும், காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கவும் ஒரு குடியிருப்பால் முடிந்தது. அதிகாலையில் வேலைக்குக் கிளம்புபவர்களும், திரட்டப் பணமில்லாதவர்களும் வாழும் குடியிருப்பால் அது முடியுமா? அறிவுரை ஒன்றுதான், அதைச் செயலாக்கும் வசதி ஒன்றல்ல.

மெலிந்த கை, பருத்த வயிறு

சென்னை ஆய்வுகளில் திரும்பத்திரும்ப வந்த புதிர், மேலைநாட்டுக் கணக்கில் "சரியான எடை" உள்ளவர்களுக்கும் நீரிழிவு வந்தது. விடையின் ஒரு பகுதி புனேயிலிருந்து கிடைத்தது. 2004இல் 'லான்செட்' இதழில் மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் ஒளிப்படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. தராசு இருவரையும் சமமாகக் காட்டியது. தராசுக்குச் சதையும் கொழுப்பும் ஒன்றுதான்.

நம் தெருக்களில் இந்த உடல்வாகு புதிதல்ல. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய நாற்பது, ஐம்பது வயது ஆண்களை நாள்தோறும் பார்க்கிறோம். "தொந்தி" என்று கேலி செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட, கல்லீரல், குடல் ஆகியவற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. நடுவயதில் தசை மெல்லக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் திரும்புகிறது. எடை மாறாமலே உடலின் உள்ளடக்கம் மாறிவிடும் வயது இது. "கல்யாணத்தப்ப இருந்த அதே எடைதான்" என்று பெருமைப்படுபவர்கள் அன்றைய பெல்ட்டை இன்று போட்டுப் பார்க்க வேண்டும்.

இதனால் கோடுகள் திருத்தப்பட்டன. 2000இல் ஆசிய–பசிபிக் நாடுகளுக்கென 23, 25 என்ற குறைந்த எல்லைகள் முன்வைக்கப்பட்டன. 2009இல் இந்திய வல்லுநர்கள் கூடி, 23 முதல் 24.9 வரை மிகை எடை, 25 தொட்டால் பருமன் என்றும், வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தனர். மேலே கண்ட 66 கிலோக்காரர் இப்போது மிகை எடைக்காரர். அவர் 62 கிலோவுக்கு இறங்கினால்தான் கோட்டுக்குள் வருவார்.

இந்தத் திருத்தத்துக்குச் சான்றளித்த ஆய்வுகளுள் ஒன்றும் சென்னையுடையதே. 2001இல் தொடங்கிய "சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு" மாநகராட்சியின் அன்றைய 155 வட்டங்களில் 46ஐத் தேர்ந்து, 26,001 பேரைப் பரிசோதித்தது. அதிலிருந்து 2005இல் "இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்" உருவானது. இதை ஒரு பள்ளித் தேர்வுத்தாள் போலவே அமைத்திருக்கிறார்கள். மொத்தம் நூறு மதிப்பெண், ஆனால் இங்கே குறைவாக வாங்குபவரே தேறியவர். வயதுக்கு 30 வரை, வயிற்றுச் சுற்றளவுக்கு 20 வரை, உடலுழைப்பின்மைக்கு 30 வரை, பெற்றோருக்கு நோய் இருந்தால் 20 வரை. அறுபதும் அதற்கு மேலும் வாங்கினால் அபாயம் மிகுதி. இதில் எடை என்ற கேள்வியே கிடையாது. தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும்.

தட்டிலும் வீட்டிலும் மாறியவை

அந்த ஆய்வின் உணவுப் பகுதி 2,042 பேரின் உணவைக் கணக்கிட்டது. நாளொன்றுக்கு உண்ணும் ஆற்றலில் 46.9 விழுக்காடு தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது. சென்னையில் அது பெரும்பாலும் வெள்ளை அரிசி என்று சொல்லத் தேவையில்லை. காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று பெயர்கள்தான் மாறுகின்றன. தீட்டிய தானியம் மிகுதியாக உண்டவர்களிடையே வயிற்றுப் பருமனும் அதைச் சார்ந்த கோளாறுகளும் மிகுதியாக இருந்தன.

இதைப் படித்துவிட்டு நியாயவிலைக் கடை அரிசியைக் குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அரிசி வந்ததால் பசி நீங்கிய வீடுகளைப் பள்ளியில் பணியாற்றியவர்கள் அறிவோம். குறை, அரிசி எளிதாகக் கிடைப்பதில் இல்லை. பருப்பும் காய்கறியும் பழமும் அவ்வாறு கிடைக்காததில் இருக்கிறது. கையில் காசு குறையும்போது முதலில் குறைவது கீரை, சோறு அல்ல.

வீட்டு வேலையும் மாறியது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்று ராட்டினமும் போய், மிக்சி, கிரைண்டர், குழாய், எரிவாயு அடுப்பு வந்தன. 2006இல் வந்த ஆட்சி வண்ணத் தொலைக்காட்சியையும், 2011இல் வந்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் விலையின்றி வழங்கின. எல்லா வருவாய்ப் பிரிவு வீடுகளும் இப்படி ஓரளவு ஒன்றுபோலாயின. பழைய உழைப்பை ஏங்கிப் பேசும் கட்டுரைகளில், ஆட்டுக்கல்லைச் சுற்றிய பெண்ணின் தோள்வலி இடம்பெறுவதே இல்லை. அந்த வேலை போனது நன்மையே. அது போன இடத்தில் நடையோ விளையாட்டோ வரவில்லை என்பதுதான் சிக்கல்.

ஆண்களுக்கு மிதிவண்டி போய் இருசக்கர வண்டி வந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், அடையாற்றிலிருந்து தெற்கே நீளும் சாலை முழுவதும் நாற்காலி வேலைகள் பெருகின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட கணக்கில், 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சி செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் குறியீட்டெண் 25ஐத் தொட்ட பெண்கள் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4 விழுக்காடு. ஆண்கள் 28.2இலிருந்து 37.0. இது 49 வயது வரையுள்ள பெண்களின் கணக்கு. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இதில் வருவதே இல்லை.

எடை குறையாமலே கிடைத்த பலன்

எடையைக் குறைத்தால் நோயைத் தள்ளிப்போடலாம் என்பதைப் பின்லாந்தும் அமெரிக்காவும் 2001, 2002ஆம் ஆண்டுகளில் மெய்ப்பித்தன. அமெரிக்காவில் எடையில் 7 விழுக்காடு குறைப்பது இலக்கு. அவ்வாறு முயன்ற குழுவில் நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது.

சென்னையில் இராமச்சந்திரன் குழு இதே கேள்வியை நம் மக்களிடம் சோதித்தது. சர்க்கரை வரம்பு ஓரளவு மீறிய, ஆனால் நீரிழிவு இன்னும் வராத 531 பேர் சேர்ந்தனர். சராசரி வயது 46. பெரும்பாலும் பணிக்குச் செல்லும் நடுத்தர வர்க்கத்தினர். மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். உணவு மாற்றமும் நடையும் மேற்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5, அதாவது கூடுதல் பலன் இல்லை.

2006இல் வெளியான இந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் கடக்கும் ஒரு செய்தி உண்டு. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்ட குழுவின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இருந்தும் நோய் குறைந்தது. தசை வேலை செய்தால், எடை மாறாவிட்டாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது எடுத்துக்கொள்கிறது. எடை இயந்திரத்தில் ஏறி முள் நகரவில்லையே என்று மூன்றாவது வாரத்தில் நடையை நிறுத்திவிடும் நண்பர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வது வழக்கம். அதே வேளையில் அந்த முதல் எண்ணையும் மறக்கக் கூடாது. எதுவும் செய்யாதவர்களில் மூன்றே ஆண்டில் பாதிக்கு மேல் நோய்வாய்ப்பட்டனர். மேலைநாட்டு ஆய்வுகளில் இவ்வளவு வேகம் இல்லை.

பின்னர் மோகனின் ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சென்னையில் 578 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. இவர்கள் அனைவரும் மிகை எடையினர். நம் உணவுக்கேற்ப அமைத்த வகுப்புகளும், தேவைப்பட்டால் மாத்திரையும் தரப்பட்டன. மூன்றாண்டில் நீரிழிவு 34.9க்குப் பதில் 25.7 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அக்குழுவில் பத்தில் ஏழு பேருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. வாழ்க்கைமுறை மாற்றம் ஒன்றே எல்லோருக்கும் போதும் என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இது ஒரு திருத்தம்.

நடக்க இடம்

சென்னையில் நடைக்கென்று இடம் ஒதுக்கிய வரலாறு பழையது. மெரினா நடைபாதையை ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அமைத்தார். தி. நகரில் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும், மயிலாப்பூர் லஸ் பகுதியில் அமிர்தாஞ்சன் நிறுவனர் நாகேஸ்வரராவ் பெயரிலான பூங்காவும் இன்றும் காலை ஐந்தரை மணிக்கே நிறைந்துவிடுகின்றன. வட்டமடிப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். நாற்பதிலிருந்து ஐம்பதைந்து வரையுள்ளவர்கள், அதாவது நடை மிகவும் தேவைப்படுபவர்கள், அந்நேரத்தில் டிபன் கட்டிக்கொண்டோ பேருந்துக்கு நின்றுகொண்டோ இருப்பார்கள்.

நடப்பவருக்கும் சாலையில் பங்குண்டு என்ற கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 நவம்பர் 4 அன்று பெசன்ட் நகரில் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம் தொடங்கப்பட்டது. 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை ஒன்றை அடையாளம் காண்பது அதன் ஏற்பாடு. அதற்கு முன்பே 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வழியாக நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கின. மாத்திரை வாங்க அரைநாள் கூலியை இழந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

பாண்டி பஜாரில் மாலை வேளையில் நின்று பார்த்தால், புது நடைபாதையில் கடை கடையாகப் பார்த்து நடப்பவர்களை விட வேகமாக நடந்து செல்பவர்கள் சிலர் தென்படுவார்கள். பெரும்பாலும் பெண்கள், கையில் பை, கழுத்தில் கடையின் அடையாள அட்டை. பத்து மணி நேரம் துணிக்கடையில் நின்றபின் மாம்பலம் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் அவர்கள்.